நீமோவுக்குச் சோறு!

செங்கல்பட்டு என்றதும் ரயிலில் போகிறவர்களுக்கு ஞாபகம் வருவது கொளவாய் ஏரி. ஜன்னலோர சீட்டுக்காரர்கள் இரண்டு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்ப்பார்கள். அப்புறம் மறுபடி அரசியல்! ஊரைச் சுற்றி ஏரி உண்டு, வயல் உண்டு, மலை உண்டு. கடல் மட்டும் கிடையாது. அதற்கு மகாபலிபுரம் வரை சுமார் 30 கிலோமீட்டர் போக வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மாடி அறையில் சமுத்திரத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். ரிடையர் ஆன சயன்ஸ் வாத்தியார். பெயரைப் போடக் கூடாது என்பது அவர் சம்சாரத்தின் உத்தரவு. ("ஏற்கெனவே தெருவுல 'மீன் வீடு'ன்னுதான் அட்ரஸ் சொல்றாங்க. பத்திரிகையில வேறயா தம்பி?")

கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு உடம்பும் மூன்று வெள்ளைப் பட்டையுமாக ஒரு ஜோடி. கோமாளி மீன். 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்த பிறகு உலகத்துக் குழந்தைகள் எல்லாம் நீமோ என்று கூப்பிடுகிற அதே மீன்.

"பெரிசா இருக்கே, அது அம்மா. சின்னது அப்பா. கோமாளி மீன்ல எல்லாம் முதல்ல ஆண்தான். அம்மா செத்துட்டா அப்பா அம்மாவா மாறிடுவார். அடுத்த பையன் அப்பாவா புரமோஷன் ஆயிடுவான்."

"நிஜமாவா ஸார்?"

"சுத்தமான சீனியாரிட்டி லிஸ்ட் தம்பி! சினிமாவுல அம்மா மீன் செத்ததும் அப்பா பிள்ளையைத் தேடி அலையறார் இல்லையா? சயன்ஸ்படி பார்த்தா அவர் அம்மாவாயிருக்கணும்."

ஜோடி முட்டையிட்டிருந்தது. ஓட்டுத் துண்டு ஒன்றில் நெல்லை நட்டுவைத்த மாதிரி குட்டிக் குட்டி ஆரஞ்சு முட்டைகள். அப்பா மீன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. ஏழு நாள் இந்த டியூட்டி. எட்டாம் நாள் வாக்கில், விளக்கணைந்த பிறகு, இருட்டில்தான் குஞ்சு வெளியே வரும்.

போன முறை முந்நூறு குஞ்சு வந்ததாம். மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை.

"பசி தம்பி" என்றார், குரலை இறக்கி. "நாலு மில்லிமீட்டர் குழந்தை. வயித்துல கட்டிக்கிட்டு வந்த கட்டுச்சோறு ரெண்டு நாளைக்குத்தான் வரும். கடையில விக்கிற தூள் தீனி அதோட வாய்க்கு இட்லிக் குண்டான் சைஸ்! அதுவும் உயிரோட அசையறதைத்தான் தொடும். மீன் வளர்க்கறது ஈஸி. மீனோட சோத்தை வளர்க்கறதுதான் கஷ்டம்."

அந்தச் சோற்றின் பெயர் ரோட்டிஃபர். கால் மில்லிமீட்டர்கூட இல்லாத நீர்ப்பூச்சி. அது உயிரோடிருக்க அதற்குச் சோறு வேண்டும். அது பச்சைப் பாசி. பாசிக்கும் சோறு வேண்டும். அது யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும். மொட்டை மாடியில் பச்சைத் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. உரக்கடையில் "எத்தனை ஏக்கர் ஸார்?" என்று கேட்டார்களாம். "ஆறு பாட்டில்" என்றாராம் வாத்தியார்.

குஞ்சு பொரிக்க இன்னும் நாலு நாள். புதுக் கடல் தண்ணீர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, காலி கேன்களை ஏற்றிக்கொண்ட ஆம்னி வேனில் நானும் தொற்றிக்கொண்டேன்.

வழியில் திருக்கழுக்குன்றத்தில் காபி. சங்கு தீர்த்தத்தைக் காட்டினார். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை இந்த நல்ல தண்ணீர்க் குளத்தில் சங்கு பிறக்கும் என்பது ஐதீகம். "இங்கே சங்கு பிறக்கறப்போ என் மாடியில மீன் பிறக்காதா?" என்றார். மலைமேல் முன்பெல்லாம் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் பிரசாதம் சாப்பிட வந்துபோகும். பல வருடமாக வருவதில்லை. "அதுங்களுக்கும் நேரத்துக்குச் சோறு வெச்சாங்க தம்பி. அதான் சூட்சுமம்" என்று அதையும் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டார்!

மகாபலிபுரத்தில் கடற்கரைக் கோயில் கூட்டத்தைத் தாண்டி மீனவர் குப்பத்துக்குப் போனோம். கரைத் தண்ணீரில் மணலும் அழுக்கும். அதனால் அலைக்கு அப்பால் மொண்டு வரச் சொல்லிப் படகுக்காரரிடம் ஏற்பாடு. "எல்லாரும் மீன் வாங்க வருவாங்க. மீனை விட்டுட்டுத் தண்ணியை வாங்கிட்டுப் போறவரு நீங்க ஒருத்தர்தான் ஸார்" என்றார் அவர். வாத்தியார் சின்ன டெலஸ்கோப் மாதிரி ஒரு கருவியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தார். ஆயிரத்துக்கு 33 பங்கு உப்பு. திருப்தி. ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் கலந்து உப்பு குறைந்துவிடுமாம்.

வந்த வழியே திரும்பாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே விட்டார். முட்டுக்காடு. படகுத் துறைக்கு வருகிற ஜனங்களில் பலருக்குப் பக்கத்திலேயே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருப்பது தெரியாது. மீன்களுக்கு! மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனைக்கூடம் இங்கே இருக்கிறது. 1997-ல் கொடுவா மீனை இந்தியாவில் முதன்முதலாகத் தொட்டியில் வைத்தே இனப்பெருக்கம் செய்ய வைத்தது இந்த நிறுவனம்தான். கொடுவாவும் கோமாளி மாதிரி ஆணாக ஆரம்பித்துப் பெண்ணாக மாறுகிற ஜாதி. குழந்தைகளின் மெனுவும் அதேதான்: முதலில் ரோட்டிஃபர், அப்புறம் ஆர்டீமியா. ஒரு வித்தியாசம், கொடுவாக் குஞ்சில் பெரியது சின்னதைத் தின்றுவிடும். அதனால் சைஸ்வாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேளம்பாக்கம் வழியாகத் திரும்பும்போது உப்பளங்கள். ஆர்டீமியா இந்த மாதிரி கடும் உப்புத் தண்ணீரில் வாழ்கிற குட்டிக் கூனி. அதன் முட்டை காய்ந்து கிடந்தாலும் சாகாது. உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரே நாளில் பொரிந்துவிடும். வாத்தியார் வாங்குகிற டின் அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரியிலிருந்து வருகிறது!

வியாழக்கிழமை சாயங்காலம் நானும் ஆஜர். முட்டையெல்லாம் வெள்ளிக் கண்ணாக மின்னியது. ஓட்டுத் துண்டை எடுத்து, பக்கமெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிய வேறு தொட்டியில் வைத்தார். (கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் குஞ்சுகள் அதில் முட்டி முட்டியே சாகுமாம்.) அப்பாவின் விசிறிக்குப் பதிலாக அடியில் காற்றுக் குமிழி. ஏழு மணிக்கு விளக்கை அணைத்தார். எட்டரைக்கு டார்ச் அடித்தார்.

தண்ணீர் முழுக்க நூல் துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கண். எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடிவந்தன, இதே கடற்கரையில் பங்குனியில் மணலை விட்டு வருகிற ஆமைக் குஞ்சுகள் மாதிரி.

"வாங்கடா கண்ணுங்களா" என்று வாத்தியார் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். பிறந்த நிமிடமே பந்தி தயார்.

அப்புறம் தினமும் டெலிபோன் புல்லட்டின். மூன்றாம் நாள்: "தாண்டிடுச்சு தம்பி!" ஐந்தாம் நாள்: ஆர்டீமியா ஆரம்பம். ஏழாம் நாள்: நிறைய போய்விட்டது, காரணம் தெரியவில்லை. பதினொன்றாம் நாள்: "பட்டை! தலைக்குப் பின்னால வெள்ளைப் பட்டை!" மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தார். நாற்பத்திரண்டு.

நான் பி.காம். சும்மா இருப்பேனா? ஒரு தாளில் கோடு போட்டேன். பற்று: பெட்ரோல், உரம், டின், கரென்ட் பில். வரவு: நாற்பத்திரண்டு மீன், கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர் சொன்ன விலையில். நிகரம், சுத்த நஷ்டம்.

"இன்னொரு பக்கத்தையும் எழுதிக்கோ" என்றார் வாத்தியார். கடைக்கு வருகிற வண்ணக் கடல் மீன்களில் மிகப் பெரும்பாலானவை பவளப்பாறையிலிருந்து பிடித்து வந்தவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைட் தெளித்து மயக்கிப் பிடிக்கிற பழக்கம் பல காலம் இருந்தது. மீனும் போச்சு, பாறையும் போச்சு. கோமாளி மீன் குடியிருக்கும் கடல் சாமந்திக்கு அதுதான் வாட்ச்மேன். வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற மீன்கள் சாமந்தியைக் கடித்துத் தின்னும். அதனால்தான் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் இந்த மீனைத் தொட்டியிலேயே பெருக்கும் வழியை உழைத்துக் கண்டுபிடித்தார்கள். தொட்டியில் பிறந்த ஒவ்வொரு மீனும் கடலில் ஒரு மீனை விட்டு வைக்கிறது.

எழுதிக்கொண்டேன். ஆனால் ஒரு செலவை எந்தப் பக்கம் போடுவது என்றுதான் புரியவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து ரோட்டிஃபருக்குப் பாசித் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அதைச் செய்தது வாத்தியார் இல்லை. 'மீன் வீடு' என்று அலுத்துக்கொண்ட அதே அம்மா!

கேட்டேன். "என்ன தம்பி பண்றது? அவர் ஏழு மணி வரைக்கும் தூங்குவாரு. அதுங்க பசியோட இருக்குமில்ல?"