நடுவுல ஒரு வருஷத்தைக் காணோம்!

2022-ல பிளஸ் டூ. 2023-ல இன்ஜினீயரிங். "நடுவுல ஒரு வருஷம் என்ன பண்ணீங்க?" - இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்துடுமோனு பயப்படுற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கையைத் தூக்குங்க. நானும் உங்க கட்சிதான்!

எனக்குச் சின்னமனூர். முல்லைப் பெரியாறு தண்ணியை நம்பி கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர்ல இருபோக நெல் விளையுது. அதுல எங்க வீட்டுப் பங்கு ஒன்றரை ஏக்கர். நான் பிளஸ் டூ முடிச்ச நேரம் பார்த்து அப்பாவுக்கு முதுகுல ஆபரேஷன். 'ஒரு வருஷம் குனியவே கூடாது'னுட்டார் டாக்டர். குனியாம விவசாயம் ஏது? நான் குனிஞ்சேன். ரெண்டு போகம் முடிஞ்சப்போ வருஷமும் முடிஞ்சிருந்தது.

'கோச்சிங் போனேன்னு அடிச்சு விடு', 'போலி எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கோ'னு ஐடியா கொடுக்க ஆள் இருக்கு. வேணாம் பாஸ்! பி.எஃப்-க்கான யூ.ஏ.என். நம்பர் 2014-ல வந்தாச்சு. எந்தக் கம்பெனியில் எப்போ சேர்ந்தீங்க, எப்போ விலகினீங்கனு அதுல பதிவாகுது. சரிபார்க்கும்போது பொய் பல்லிளிச்சிடும்.

உண்மையை மூணே வரியில் சொல்லுங்க. என்ன நடந்தது, அப்போ என்ன செஞ்சீங்க, இப்போ எப்படித் தயாரா இருக்கீங்க. இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவில் நான் சொன்னது இதுதான்: "அப்பாவுக்கு ஆபரேஷன், வயலை நான் பார்த்துக்கிட்டேன். கூலி, உரம், நெல் கொள்முதல் ரசீதுனு ரெண்டு போகக் கணக்கும் என் கையில்தான் இருந்தது. இப்போ அப்பா நல்லாயிருக்கார், நான் முழு நேரமும் படிப்புல இருக்கேன்." அவ்வளவுதான்... அடுத்த கேள்வி 'பாயின்டர்னா என்ன?'னு வந்துடுச்சு!

நோயோட விவரமெல்லாம் ஒப்பிக்க வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்கிற குரலும் வேணாம். ஆனா, ஒரு விஷயம்... படிப்புல இத்தனை வருஷத்துக்கு மேல இடைவெளி கூடாதுனு சில கம்பெனிகள் கேம்பஸ் அறிவிப்பிலேயே போடுறாங்க. அதை முதல்லயே படிச்சிடுங்க.

இது நம்ம கவலை மட்டுமில்லை. குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட அக்காக்கள் திரும்பி வரும்போதும் இதே கேள்விதான். அப்படிப்பட்ட பெண்களுக்காகவே டாடா குழுமம் 2008-ல் தனித் திட்டம் தொடங்குச்சு. லிங்க்டுஇன்ல 'வேலை இடைவெளி'னு போட 2022-ல தனி இடமே வந்துடுச்சு.

இன்னிக்கே உங்க மூணு வரியை எழுதுங்க. சத்தமா படிங்க. குரல் தடுமாறாம வர்ற வரைக்கும் படிங்க. ஆல் தி பெஸ்ட்!