பூஜ்யம்

மூன்று ஜனவரிகளில் அந்தப் படிவத்தில் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மயிலாப்பூரில் ஓர் அரசு அலுவலகம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் நானும் உறுப்பினர். கடந்த ஆண்டு வந்த புகார்கள்: 0. "நம்ம ஆபீஸ் நல்ல ஆபீஸ்" என்பார் மேலதிகாரி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2023 மார்ச் இறுதியில் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் மாணவிகளும் மாணவர்களும் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கி, இன்று மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இருக்கும் நிறுவனம். அங்கேயும் ஒரு புகார்க் குழு இருந்தது. ஆனாலும் அவர்கள் தரையில் உட்கார வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் தனிக் குழு வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது என் பூஜ்யங்கள் நினைவுக்கு வந்தன.

எங்கள் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் பெண்ணிடம் குழுவைப் பற்றிக் கேட்டேன். "அது உங்களுக்குத்தானே மேடம்? நான் கான்ட்ராக்ட் ஆளு" என்றார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தத் தொழிலாளரையும் ஊழியர் என்றே சொல்கிறது. குழு அமைத்த ஆணையை எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கிறது. எங்கள் ஆணை ஆங்கிலத்தில், அதிகாரி அறைக்கு எதிரே தொங்கியது.

ஒரு நிறுவனத்தின் நேர்மையை அளக்க எத்தனை புகார் வந்தது, 90 நாளுக்குள் விசாரணை முடிந்ததா என்று எண்ணுகிறோம். வேலை போய்விடும் என்று வாய் திறக்காதவரும், மூன்று மாதக் கெடுவைத் தாண்டவிட்டவரும், குழு இருப்பதே தெரியாதவரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. லஞ்சப் புகார்ப் பெட்டி காலியாக இருந்தாலும் இதே கேள்விதான்.

தமிழில் ஓர் அறிவிப்பு எழுதி, என் கைபேசி எண்ணோடு, பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். ஐந்தாவது வாரம் ஒருவர் வந்தார். அவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

அடுத்த ஜனவரியில் 1 என்று எழுதினேன். "ஆபீஸ் பேரு கெட்டுடுமேம்மா" என்றார் மேலதிகாரி. "இத்தனை வருஷம் கெட்டுத்தான் இருந்தது சார், நமக்குத் தெரியல" என்றேன்.

மாணவிகளே, உங்கள் கல்லூரிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாளைக்கே அலுவலகத்தில் கேளுங்கள். பதில் வர எத்தனை நாளாகிறது, கேட்டதற்கு யார் முகம் சுளிக்கிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.