உப்பிய சுவருக்குப் பட்டி மருந்தல்ல

என் பட்டறைக்கு வரும் கேரவன்களில் பாதிக்கு மேல் சினிமா படப்பிடிப்புக்கு ஓடுபவை. "சுவர் லேசா உப்பியிருக்குண்ணே, பட்டி வச்சு பெயின்ட் அடிச்சுக் குடுங்க" என்றுதான் ஓனர்கள் கேட்பார்கள். நான் முதலில் ஏறிப் பார்ப்பது கூரையை.

ஏசிக்காக வெட்டிய இடத்திலோ ஷீட் மூட்டிலோ ஐப்பசி மழை இறங்குகிறது. சுவருக்குள் கூடாக நிற்கும் இரும்புப் பைப் பில்லர்கள் வழியாக வழிந்து, தரையோடு சேரும் அடிப்பகுதியில் தங்கிவிடுகிறது. இரும்பு துருவாக மாறும்போது பருமன் கூடும்; அதுதான் வெளித்தகரத்தைத் தள்ளுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டிக்குக் கேடு கீழிருந்தே ஏறும்.

உள்பலகையைக் கழற்றிச் சுத்தியலால் தட்டுவேன். நல்ல பைப் கணீரென்னும். அரித்த பைப் மொத்தென்னும். ஸ்க்ரூடிரைவர் இறங்கும் இடமெல்லாம் போக வேண்டியதே.

வெட்டுவதற்கு முன் கூரைக்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும். பாரம் தாங்கும் பில்லரை வெறுமனே அறுத்தால் கூடு சாய்ந்து, கதவு பிறகு பொருந்தாது. மூலைக்கு மூலை அளவெடுத்துக் குறித்துவைப்பேன். பேட்டரி இணைப்பைக் கழற்றி, தெர்மாகோல், ஃபோம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திய பிறகே வெல்டிங். ஒரு பொறி போதும், சுவருக்குள் தீ பிடித்துவிடும்.

துருவைத் தாண்டி, பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை அறுக்க வேண்டும். உள்ளே சற்றுச் சிறிய பைப்பைச் செருகி, புதுத்துண்டை அதன்மேல் பொருத்தி, டாக் வைத்து (முதலில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து), மறுபடி அளவு பார்த்துவிட்டு, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைப்பேன். ஒரே இடத்தில் சூடேற்றினால் பைப் முறுக்கிக்கொள்ளும். பிறகு துத்தநாக பிரைமர். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. அலுமினிய ஷீட் இரும்பை நேரடியாகத் தொடாமல் இடையில் டேப். இரண்டும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் அலுமினியம் அரிக்கும்.

உள்பலகையை மூடுவதற்கு முன் கூரைமேல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். ஒரு சொட்டு கசிந்தாலும் அன்றைக்கு மூட மாட்டேன். தண்ணீர் வந்த வழி அடைபடாதவரை, மாற்றிய பைப்பும் அடுத்தடுத்த மழைகளில் துருப்பிடிக்கும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புரட்டாசியிலேயே கூரை மூட்டுகளைப் பார்த்துவிடுங்கள். சுவரைத் திறக்காமலேயே பட்டி பூசித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஓடும் வண்டியில் கூரையைத் தாங்குவது அந்தக் கூடுதான். உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.