மாஞ்சோலை கண்டோம்

மணமானோர் உலாச் செல்ல இத்தாலியின் கால்வாய் நகராம் வெனிசை நாடுவது செல்வர் வழக்கம். எங்கள் இருவர்க்கும் வாய்த்தது மணிமுத்தாற்றிலிருந்து மலையேறும் அரசுப் பேருந்தே. அணையைக் கடந்ததும் வெயில் பின்தங்கியது. வளைவுதோறும் குளிர் கூடிற்று. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு என ஒவ்வொன்றாகத் தேயிலைச் சரிவுகள் மஞ்சினூடே தோன்றி மறைந்தன. நாலுமுக்கில் பெருமழை பிடித்துக்கொண்டது. தொழிலாளர் வீடொன்றின் வாயிலில் ஒதுங்கிய எங்களை, "உள்ள வாங்க, இந்த மழ இப்ப விடாது" என்றழைத்து அவ்வீட்டு அம்மையார் தேநீர் தந்தார். அவரும் அவர்தம் அன்னையாரும் பிறந்தது அம்மலையிலேதானாம்.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது பம்பாய் பர்மா நிறுவனம். அதனைத் தோட்டமாக்கியவர்கள் இம்மக்கள். இவர்தம் கோரிக்கைகளுக்காக நெல்லையில் 1999 சூலை 23 அன்று நடந்த ஊர்வலத்தில் 17 உயிர்கள் பலியாயின. குத்தகை 2028வரை இருக்க, 2024இலேயே 'விருப்ப ஓய்வு' அறிவிக்கப்பட்டது. யாருடைய விருப்பமோ! வெனிசின் பழநகரிலும் 2022இல் குடிமக்கள் 50,000க்கும் கீழே குறைந்தனர். அங்கு வீடுகள் பயணியர் விடுதிகளாயின. இங்கு தோட்டம் காட்டுக்கே திரும்புகிறது. மலையிறங்கிய பலர்க்குச் சமவெளியில் தம்மூர் எனச் சொல்ல ஓர் ஊரில்லை.