பந்தை ஒளித்தல்

ஸ்நூக்கர் என்ற பெயரே முதலில் ஒரு வசவு. ஆங்கிலேய ராணுவக் கல்லூரியின் முதலாண்டு மாணவனை, ஒன்றும் தெரியாதவனை, அப்படி அழைத்திருக்கிறார்கள். 1875இல் ஜபல்பூர் ராணுவ விடுதியில், பந்தைத் தவறவிட்ட சகாவை நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி அந்தச் சொல்லால் ஏச, அது ஆட்டத்தின் பெயராகவே ஒட்டிக்கொண்டது என்பது அவர் பின்னாளில் சொன்ன கதை. விதிகள் 1880களில் நம் ஊட்டி கிளப்பில் உருப்பெற்றன. இன்று எதிராளியை ஸ்நூக்கர் செய்வது என்றால், அவன் அடிக்க வேண்டிய பந்து நேர்க்கோட்டில் அகப்படாதபடி வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் பின்னால் ஒளித்துவைப்பது. கற்றுக்குட்டியைக் குறித்த சொல், கைதேர்ந்தவனின் காரியத்துக்குப் பெயராகிவிட்டது. பாஷை செய்யும் குறும்புகளில் இது ஒன்று.

எனக்கு இதைக் கற்பித்தவர் பெரியப்பா. சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய் வந்தவர். புதுச்சேரியின் மற்ற சொல்தாக்கள் சாயங்காலங்களில் பெத்தாங் குண்டு வீசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் நேரு வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியறையில் கிடந்த பச்சைத்துணி மேஜைக்கு வருவார். பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன்.

"உள்ள போவுமா போவாதான்னு பாக்காதடா. போவலன்னா அவனுக்கு என்னா உட்டுட்டு வர்ற, அதப் பாரு."

பத்துக்கு ஆறு முறை விழக்கூடிய பந்து. அடிக்கலாம் என்றுதான் கை சொல்லும். ஆனால் விழாத அந்த நான்கு முறையும் மேஜை முழுவதும் எதிராளிக்குத் திறந்து கிடக்குமானால் கணக்கு வேறு. அப்போது பந்தைப் போடுகிற எண்ணத்தைக் கைவிட வேண்டும். பாதி மனசோடு கைவிடுவதுதான் மோசம். போட்டும் ஆக வேண்டும், ஒளித்தும் ஆக வேண்டும் என்று அடிப்பவனுக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

இரண்டு பந்துகளையும் ஒரே அடியில் ஆள முயலக் கூடாது என்பார். முழுசாக மோதினால் வெள்ளைப் பந்து தன் வேகத்தையெல்லாம் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கும், மற்றது ஓடும். மெல்லிசாக உரசினால் மற்றது இருந்த இடத்திலேயே லேசாக அசையும். வெள்ளை, வேகம் குறையாமல் மேஜையின் மறுகோடிக்குப் போகும். எதை நிறுத்த வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்வது. மறைக்கும் பந்துக்கு எவ்வளவு நெருங்கி வெள்ளை நிற்கிறதோ அவ்வளவு அகலம் அதன் நிழல். மறைக்க எதுவும் இல்லையென்றால் குஷனோடு ஒட்டிவைப்பது. எதிராளியின் கோல் பந்தின் உச்சியை மட்டுமே தொட முடியும்.

கவிதையில் சொல்லாமல் விடுவதோடு இதை ஒப்பிட நண்பர்கள் முந்துவார்கள். எனக்குச் சம்மதமில்லை. சொல்லாமல் விடுகிறவன் வாசகனுக்கு வழி வைக்கிறான். இங்கே நடப்பது வழியடைப்பு. அதைக் கோழைத்தனம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பார்க்கிறவனின் கைதட்டலை விட்டுக்கொடுக்கக் கொஞ்சம் நெஞ்சு வேண்டும்.

பூல் வகையான எட்டுப்பந்து ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. 'சேஃப்டி' என்று முன்கூட்டி அறிவித்துவிட்டு அடித்தால், தன் பந்து குழியில் விழுந்தாலும் முறை எதிராளிக்குப் போய்விடும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு எங்கள் வீட்டு விவகாரம் ஞாபகம் வருகிறது. 1954 நவம்பர் 1இல் இங்கே நிர்வாகம் கைமாறியது. சட்டபூர்வமான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல். அதன்பின் ஆறு மாத அவகாசம். இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் எழுத்து மூலம் அறிவித்தால் பிரெஞ்சுப் பிரஜைகளாக நீடிக்கலாம். ஒன்றும் எழுதாதவர்கள் இந்தியப் பிரஜைகள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அவருடைய ஒரே தம்பி, என் அப்பா, எழுதவில்லை.

பென்ஷனுக்காகப் பத்திரமாக ஆடிவிட்டார் என்று பெரியப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு. காகிதத்தைத் தொடவே பயந்தவர் என்று அப்பாவைப் பற்றி அவர்கள் வீட்டில். எது சேஃப்டி என்று பெரியப்பாவையே ஒருநாள் கேட்டேன். கோலின் நுனியில் சாக்குத் தடவிக்கொண்டிருந்தார்.

"இங்க எல்லா பந்தும் கண்ணுக்குத் தெரியுது. அன்னிக்கி எனக்கு என்னா தெரிஞ்சுது? உங்கப்பனுக்குந்தான் என்னா தெரிஞ்சுது?"

அவர் பிள்ளைகள் இருவரும் பிரான்ஸில் குடியேறினார்கள். அவர் போகவில்லை. அப்பா அந்த மாடிக்கு ஒருநாளும் ஏறி வந்ததில்லை. இருட்டியதும் சந்தில் சைக்கிளோடு நின்று மணியடிப்பார். நான் இறங்கிப் போவேன்.