மஞ்சப்பையில் இருந்த அந்த பாலிசி

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி வந்திருந்தார். வருகிற மே 31-ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். தனியார் ஆலை வேலை. காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, பிஎஃப் பணம் வந்தா எதுல போடலாமுங்க?" என்று கேட்டார்.

எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். 2018-ல் நானும் இதைத்தான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு அலைந்தேன்.

"அது இருக்கட்டும் தம்பி. வீட்டுல அம்மணிக்குச் சர்க்கரை இருக்குதுங்களா?" என்றேன்.

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பணத்தைப் பற்றிக் கேட்டால் நோயைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைத்திருப்பார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அவர்களுக்கு மாதாமாதம் பென்ஷனில் பிடித்துக்கொண்டு காப்பீடும் கூடவே வந்துவிடுகிறது. இது என்னைப் போல மில்லிலும் பட்டறையிலும் பம்ப் கம்பெனியிலும் உழைத்து வெளியே வந்தவர்களுக்கு.

நான் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். முதல் இருபத்தைந்து வருடம் எனக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் பிடிப்பார்கள். டிஸ்பென்சரியில் கால்கடுக்க நின்று மாத்திரை வாங்கியதெல்லாம் அந்தக் காலம். 2008-ல் சூப்பர்வைசர் ஆனேன். சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டது. இனிமேல் இ.எஸ்.ஐ. கிடையாது, கம்பெனியே எடுத்துக் கொடுக்கும் குரூப் மெடிக்ளெய்ம் என்றார்கள். கார்டைக் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு செக்ஷன் முழுக்க என் செலவில் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். அந்த டீக்கு விலை என்னவென்று பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2018 மே 31. சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கிராஜுவிட்டி, பிஎஃப், விடுப்புச் சம்பளம் என்று ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த மெடிக்ளெய்ம் கார்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு என் பர்ஸில் இருந்தது. ஆகஸ்ட் மாதம் வீட்டுக்காரிதான் கேட்டாள்: "ஏனுங்க, அந்த ஆபீஸ் கார்டு இன்னுஞ் செல்லுமுங்களா?"

விசாரித்தேன். கடைசி வேலை நாளோடு அது செத்துவிட்டது என்றார்கள்.

அப்போதும் எனக்கு அவசரம் உறைக்கவில்லை. எனக்கு ஒரு நோயும் கிடையாது. அவளுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும். மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. மகள் பிரசவம், வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று நாள் போய், 2019 ஜனவரியில்தான் ஒரு ஏஜெண்டைக் கூப்பிட்டுப் புதிதாக ஐந்து லட்சத்துக்குப் பாலிசி போட்டேன்.

படிவம் எழுதும்போது அந்தப் பையன், "சார், சர்க்கரை, பிரஷர்னு எழுதுனா பிரீமியம் ஏறும், பாலிசியும் இழுக்கும். 'இல்லை'ன்னு போட்டுரலாங்களா?" என்றான். எனக்கும் சபலம்தான். உள்ளே இருந்து சத்தம் வந்தது: "தெனமும் மாத்திரை முழுங்கிக்கிட்டு இல்லைன்னு எப்படிங்க கையெழுத்துப் போடறது?" உள்ளதை உள்ளபடியே எழுதினோம். அதில் ஒரு வரி இருந்திருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் அவற்றால் வரும் சிக்கல்களுக்கும் 48 மாதம் கழித்துத்தான் பணம் கிடைக்கும் என்று. படிக்காமல் கையெழுத்துப் போட்டு மஞ்சப்பையில் போட்டு வைத்தேன்.

2020 பிப்ரவரியில் ஒருநாள் விடிகாலை அவளுக்கு நெஞ்சு பிசைவது போல இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ பார்த்து அடைப்பு என்றார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள். காப்பீட்டுக் கவுண்டரில் கார்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பதில் வந்தது. சர்க்கரையும் பிரஷரும் முன்பே இருந்தவை, காத்திருப்புக் காலம் முடியவில்லை, தர முடியாது.

பில் 2,74,000 ரூபாய். கிராஜுவிட்டியில் இருந்து எடுத்துக் கட்டினேன்.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதப் போகிறேன் என்று குதித்தேன். அக்கா மகன் பாலிசியை வாங்கி வரிவரியாகப் படித்துவிட்டு, "மாமா, அவங்க மேல தப்பே இல்லீங்க. பதினேழாம் பக்கத்துல தெளிவா இருக்குது" என்றான். பிறகு அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைப் படுத்தியது. குரூப் பாலிசியில் இருப்பவர்கள் வேலையை விட்டு வரும்போது, அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறதாம். குரூப்பில் கழித்த வருடங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்வார்கள். கம்பெனி நம் வயதையும் உடம்பையும் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ளும், பிரீமியமும் நாம்தான் கட்ட வேண்டும். ஆனால் கவர் அறுபடுவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். நான் பத்து வருடம் குரூப்பில் இருந்தவன். நாற்பத்தெட்டு மாதம் எப்போதோ கழிந்துவிட்டது. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கடுதாசி எழுதியிருந்தால் அந்த இரண்டே முக்கால் லட்சம் மிஞ்சியிருக்கலாம்.

அதே வருடம் என்னோடு ஓய்வு பெற்ற டர்னர் ஒருவர் உண்டு. கடைசி வரை அவர் சம்பளம் 21,000-ஐத் தாண்டவில்லை, அதனால் கடைசி வரை இ.எஸ்.ஐ.யில் இருந்தார். குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, அதிலேயே இருந்து ஓய்வு பெற்றவருக்கு, வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் மருத்துவம் தொடரும். மாதம் பத்து ரூபாய்! சிங்காநல்லூர் ஆஸ்பத்திரிக்கு இருவரும் ஒன்றாகப் பஸ்ஸில் போய்வருகிறார்கள். கூட்டம், காத்திருப்பு எல்லாம் உண்டுதான். ஆனால் அவர் கிராஜுவிட்டி அப்படியே வங்கியில் இருக்கிறது. அவரிடம் நான் டீ வாங்கிக் கொடுத்த கதையைச் சொன்னேன். "அன்னைக்கு வடை நல்லா இருந்துச்சுங்க" என்றார்.

இந்த 120 ரூபாய் விஷயம் தெரியாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கும்போது மனசு கேட்கவில்லை. உங்கள் தெருவில் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

2021 ஜனவரியில் பாலிசியைப் புதுப்பிக்கக் கடிதம் வந்தது. ஆபத்துக்கு உதவாத பாலிசி எதற்கு என்று கிழிக்கப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருசம் கட்டியாச்சுங்க. இப்ப விட்டா அந்த ரெண்டு வருசமும் சேந்து போயிருமுங்களே. இன்னும் ரெண்டு வருசந்தான." முப்பத்தைந்து வருடம் சம்பளக் கவரை நான் கொண்டுவந்து கொடுத்தாலும் கணக்கு அவளுடையதுதான். கட்டினேன். அடுத்த வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன்.

2023 ஜனவரியில் நாற்பத்தெட்டு மாதம் முடிந்தது. அந்த நவம்பரில் அவளுக்கு இரண்டாவது அடைப்பு. அதே கவுண்டர். இந்தத் தடவை நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். மூன்று மணிநேரத்தில் அனுமதி வந்துவிட்டது. 2,31,000 ரூபாய் பில்லில் கையுறை, பஞ்சு என்று தள்ளுபடி ஆகாத சில்லறைக்கு நாங்கள் கட்டியது 14,000. முதல் படிவத்தில் சர்க்கரை இல்லை என்று எழுதியிருந்தால், ஆஸ்பத்திரியின் பழைய சீட்டுகளைப் பார்த்ததுமே மறைத்துவிட்டீர்கள் என்று பாலிசியையே ரத்து செய்திருப்பார்கள். அந்த ஏஜெண்ட் பையனை இன்னும் அவ்வப்போது பார்க்கிறேன். நல்ல பையன்தான். அவனுக்குப் பாலிசி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது விதிகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. 2024 ஏப்ரலில் இருந்து அந்த 48 மாதத்தை அதிகபட்சம் 36 ஆகக் குறைத்துவிட்டார்கள். 65 வயதைத் தாண்டியவர்களும் புதிதாகப் பாலிசி எடுக்கலாம். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் கிடையாது. இந்த ஜனவரியில் நான் வரியில்லாமல் கட்டினேன், 45,200 ரூபாய். என் பிஎஃப் பென்ஷன் மாதம் 3,860. பெருக்கிப் பாருங்கள். என் ஒரு வருடத்துப் பென்ஷன் இந்தப் பிரீமியத்துக்குத்தான் சரியாக இருக்கிறது. முப்பத்தைந்து வருட உழைப்புக்குப் பென்ஷன் இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். நாம் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அந்தக் கணக்குக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. இப்போது அது 15,000 ரூபாய், 2014 ஆகஸ்ட் வரை வெறும் 6,500. அதை எழுபதால் வகுத்து, சேவை வருடங்களால் பெருக்கினால் என்ன வரும்? அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்றைக்குத் தூக்கம் வராது.

அறை வாடகையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மச்சான் இதில் மாட்டினார். அவர் பாலிசியில் அறைக்கு ஒரு நாளைக்கு 5,000 தான் வரம்பு. ஏசி, டிவி எல்லாம் நன்றாக இருக்கிறதென்று 7,500 ரூபாய் அறையை எடுத்தார். மூன்று நாளைக்கு 7,500 தானே கூடப்போகும், கட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். ஆனால் பாலிசியின் கணக்கு வேறு. அறையில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் தகுதி என்றால், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை, நர்ஸ் சார்ஜ் எல்லாவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குதான் தருவார்கள். அவை 90,000 வந்திருந்தது. 30,000 கையில் இருந்து போயிற்று, அறை வித்தியாசம் தனி. மருந்துக்கு இந்த வெட்டு கிடையாது. சேரும்போதே எந்த அறை என்று கேட்பார்கள். வாய் திறப்பதற்கு முன் பாலிசியைத் திறந்து பாருங்கள்.

எழுபது வயதானவர்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த ஆயுஷ்மான் திட்டம் இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை, வருடத்துக்கு ஐந்து லட்சம். ஆதார் போதும். தனியார் பாலிசியோ இ.எஸ்.ஐ.யோ வைத்திருப்பவரும் சேரலாம். ஆனால் கணவனுக்கு எழுபது, மனைவிக்கு அறுபத்தாறு என்றால் மனைவிக்கு அதில் இடமில்லை. இருவருக்கும் எழுபது என்றாலும் அந்த ஐந்து லட்சம் இருவருக்கும் பொதுவானதுதான். எனக்கு 65, அவளுக்கு 61. நான் போய்ச் சேர இன்னும் ஐந்து வருடம், அவளுக்கு ஒன்பது. அதுவரைக்கும் மஞ்சப்பைதான்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆமாங்கண்ணா, அவளுக்குச் சர்க்கரை நாலு வருசமா இருக்குதுங்க" என்றார். காபி ஆறிப் போயிருந்தது. மே மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நான் ஒரு தாளை எடுத்தேன். "பெறுநர், மனிதவளத் துறை மேலாளர்" என்று எழுதி, குரூப் பாலிசியின் எண், காப்பீட்டுக் கம்பெனியின் பெயர், எந்தத் தேதி வரை கவர் உண்டு, தனிநபர் பாலிசிக்கு மாற யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று நான்கு கேள்வி எழுதிக் கொடுத்தேன். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் சீல் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

வீட்டுக்காரி அடுக்களையில் இருந்தே, "நாளைக்கே குடுத்துருங்க தம்பி, இவரு மாதிரி வெள்ளையடிச்சு முடிச்சிட்டுக் குடுக்கலாம்னு இருந்துறாதீங்க" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சீல் போட்ட பிரதியைக் கொண்டுவந்து காட்டினார்.