மீதி அஞ்சு பேர் எங்கே?

பிப்ரவரி 3, திங்கள்
முதல் லேப். ரயில் முன்பதிவுக்கு மாணவர்களைக் கிளாஸ் டயகிராம் வரையச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் எல்லாத் திரையிலும் அழகான பெட்டிகள், நேரான கோடுகள். இந்தக் கோடு எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. பாதிப்பேர் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைந்தவர்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ரேஷனல் ரோஸ் மென்பொருளில் வரைந்து, பிரின்ட் எடுத்து ஒட்டியதோடு சரி. இவர்களை அப்படி விட மனசில்லை.

பிப்ரவரி 5, புதன்
பூச், ரம்பா, ஜேக்கப்சன் மூவரும் தனித்தனியாக வைத்திருந்த முறைகள் யூஎம்எல் என்ற ஒரே வரைபட மொழியாகி, 1997 நவம்பரில் ஓஎம்ஜி அமைப்பின் தரநிலையாக ஏற்கப்பட்ட கதையைச் சொன்னேன். சிலர் கேட்டார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்
இரண்டாம் வரிசைப் பையன் டிக்கெட்டையும் பயணியையும் இணைத்து, இரு முனையிலும் 1 போட்டிருந்தான்.

"ஒரு டிக்கெட்ல எத்தனை பேர் போகலாம்ப்பா?"

"ஆறு பேர் மேம். தீபாவளிக்கு நாங்க எல்லாரும் ஒரே பிஎன்ஆர்லதான் போனோம்."

படத்திலிருந்து மென்பொருளையே ஜாவா நிரலை உருவாக்க வைக்கச் சொன்னேன். டிக்கெட் கிளாஸுக்குள் பயணிக்கு ஒரே ஒரு மாறி. "மீதி அஞ்சு பேர் எங்கே?" என்றேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பயணி முனையில் 1..* என்று மாற்றி மறுபடி உருவாக்கினான். அந்த இடத்தில் லிஸ்ட் வந்தது. "ஆனா மேம், இதுல ஏழாவது ஆளையும் சேர்க்கலாமே?" என்று அவனே கேட்டான். ஆறு பேருக்கு மேல் போகாமல் தடுக்கும் சோதனையை நாம்தான் எழுத வேண்டும். இரண்டு வருடமாகக் கரும்பலகையில் சொல்லிப் புரியாதது இன்று பத்து நிமிடத்தில் புரிந்தது.

பிப்ரவரி 12, புதன்
ஒரு மாணவி படத்திலிருந்து 'ஏஜென்ட்' பெட்டியை நீக்கிவிட்டாள். நிரலில் அது அப்படியே வந்தது. மென்பொருள் கெட்டுப்போச்சு என்றாள். இடப்பக்கத்தில் இருக்கும் மாடல் பட்டியலைத் திறந்து காட்டினேன். ஏஜென்ட் அங்கேயே இருந்தார். படம் ஒரு ஜன்னல், மாடல் அதற்குப் பின்னால் இருக்கும் வீடு. காகிதத்தில் இதைக் காட்டவே முடியாது.

பிப்ரவரி 17, திங்கள்
லைசென்ஸ் முடிந்து பாதி கணினிகளில் மென்பொருள் திறக்கவில்லை. சார்ட் பேப்பர் வாங்கிவரச் சொன்னேன். நாலு பேர் ஒரு தாளைச் சுற்றி உட்கார்ந்ததும் நல்ல சண்டை. வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி, கன்ஃபர்ம் மூன்றையும் பயணியின் துணை கிளாஸ்களாக வரைந்திருந்தார்கள். "ஆர்ஏசி கன்ஃபர்ம் ஆச்சுன்னா ஆள் மாறிடுவாரா?" என்றாள் அதே மாணவி. எல்லோரும் அமைதியானார்கள். ஸ்டேட் டயகிராம் என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. அடுத்த வருடம், முதல் இரண்டு வாரம் காகிதம்தான், அதன் பிறகே கணினி. நான் கிளம்பும்போது மூன்று பெட்டிகளையும் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார்கள்.